மாலத்தீவிலிருந்து டாக்காவுக்குப் போன முழக்கம்

தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்குத் தோணியில் வெங்காயமும் காய்கறியும் போவதையும், அங்கிருந்து மாசிக்கருவாடு வருவதையும் பார்த்து வளர்ந்த திருநெல்வேலிச் சீமைக்காரன் என்பதால், அந்தத் தீவுகளின் தேர்தலை நான் அயல்நாட்டுச் செய்தியாக எண்ணியதே இல்லை.

2023 செப்டம்பரில் முய்சு ஏறத்தாழ 54 விழுக்காடு வாக்குகளுடன் அங்கே அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டதற்கு, முன்னாள் அதிபர் யாமீன் தரப்பு ஏற்கெனவே வளர்த்துவைத்திருந்த ‘இந்தியாவே வெளியேறு’ முழக்கம் பெருந்துணையாக இருந்தது. அதைத் தடைசெய்து 2022 ஏப்ரலில் அன்றைய அதிபர் சோலிஹ் ஆணை பிறப்பித்தும் அது அடங்கவில்லை.

2024 ஜனவரி 7 அன்று நடந்த வங்கதேசத் தேர்தலை எதிர்க்கட்சியான வங்கதேச தேசியவாதக் கட்சி (பி.என்.பி.) புறக்கணித்தது, அதன்பின் அன்றைய பிரதமர் ஷேக் ஹசீனாவுக்கு இந்தியா துணைநிற்கிறது என்ற கோபத்தில் அதே முழக்கம் அந்நாட்டுச் சமூக ஊடகங்களில் பரவியது. மாலத்தீவில் ஹெலிகாப்டர்களையும் டோர்னியர் விமானத்தையும் இயக்கிய இந்தியப் படையினர் இருந்தார்கள். வங்கதேசத்தில் அப்படி வெளியேற்றுவதற்கு எவரும் இல்லாததால், கடன் வாங்கிய முழக்கம் இந்தியப் பொருள்களைப் புறக்கணிக்கும் அழைப்பாக உருமாறியது. மார்ச் மாதத்தில் பி.என்.பி.யின் மூத்த தலைவர் ரிஸ்வி தம் காஷ்மீர்ச் சால்வையைக் கழற்றி வீதியில் எறிய, உங்கள் மனைவியரின் இந்தியச் சேலைகளை ஏன் எரிக்கவில்லை என்று ஷேக் ஹசீனா கேட்டார்.

கட்சிகள் ஒன்றிடமிருந்து மற்றொன்று கற்பதில் எனக்குக் குறையில்லை. ஆனால் ஓர் அரசின் மீதான கோபத்தை ஒரு நாட்டின் பெயர்மீதே ஏற்றும் உத்தியைக் கடன் வாங்குவது பெருந்தவறு. என் அத்தை மகன் மாலத்தீவில் ஒரு தீவுப் பள்ளியில் கணக்கு ஆசிரியர். அவரிடம் மாணவர்கள் காட்டிய அன்பு அந்த மாதங்களிலும் குறையவில்லை. ஆயினும் பாளையங்கோட்டையில் அத்தை, மகனின் அழைப்பு வராமல் ஒருநாளும் உறங்கவில்லை.