7.5 சதவீத ஒதுக்கீட்டுக்காக ஒரு சான்றிதழைத் துரத்திய கதை

தம்பி பொறியியல் கல்லூரியில் சேர்ந்துவிட்டான். பிளஸ் டூ மதிப்பெண்ணுக்காக அவன் பட்ட பாட்டைவிட, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில்தான் படித்தான் என்று எழுதி வாங்க நாங்கள் பட்ட பாடு பெரிது. அடுத்த ஆண்டு விண்ணப்பிக்கப்போகும் வீடுகளில் யாருக்காவது உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

வீட்டில் நான் பட்டதாரி. அதனால் தம்பிக்கு முதல் பட்டதாரிச் சலுகை கிடையாது. மிச்சம் இருந்தது, அரசுப் பள்ளி மாணவர்களுக்கென 2021-இல் பொறியியலுக்கும் கொண்டுவரப்பட்ட 7.5 சதவீத ஒதுக்கீடு ஒன்றுதான். அதில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்றுக்கொள்கிறது. அப்பாவின் கூலியில் வேறு வழியே இல்லை.

சிக்கல் எங்கே என்றால், அவன் எட்டு வரை படித்தது ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி. ஒன்பதிலிருந்து பக்கத்து ஊர் மேல்நிலைப் பள்ளி. தேர்வு முடிவு வருவதற்கு முன்பே மேல்நிலைப் பள்ளிக்குப் போய்க் கேட்டேன். அலுவலக உதவியாளர் தலையை நிமிர்த்தாமலே, "ரிசல்ட் வரட்டும், பிறகு வாருங்கள்" என்றார். முடிவு வந்த பிறகு போனால், "எங்கள் பதிவேட்டில் ஒன்பதிலிருந்துதான் இருக்கிறது. அதற்கு முந்தையதைப் பழைய பள்ளியில் வாங்கி வாருங்கள்" என்கிறார். இதை முதல் நாளே சொல்லியிருந்தால், நடுநிலைப் பள்ளி திறந்திருந்தபோதே வாங்கியிருப்பேன். இப்போது அங்கே கோடை விடுமுறை, கேட்டில் பூட்டு தொங்குகிறது. இன்று நினைத்தாலும் வயிறு எரிகிறது.

சத்துணவு அமைப்பாளர் அக்காவிடம் தலைமை ஆசிரியரின் எண்ணை வாங்கிப் பேசினேன். சொந்த ஊரிலிருந்து பஸ் பிடித்து வந்தார், அந்தப் புண்ணியவதி. பீரோவைத் திறந்தால் சேர்க்கைப் பதிவேடுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன, அட்டைகளில் ஆண்டு எழுதிய தாள்கள் எப்போதோ உரிந்து போயிருந்தன. தம்பியின் எட்டாம் வகுப்பு மாற்றுச் சான்றிதழின் ஜெராக்ஸ் ஒன்றை நான் பத்திரமாக வைத்திருந்தேன். அதில் சேர்க்கை எண் இருந்தது. டீச்சர் விரலை வரிசையாக ஓட்டி, அந்த எண்ணில் நிறுத்தி, தம்பியின் பெயரைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அசல் மாற்றுச் சான்றிதழ் அடுத்த பள்ளிக்குப் போய்விடும். அதைக் கொடுக்கும் முன் ஜெராக்ஸ் எடுக்காத வீடுகள்தான் அதிகம். தயவுசெய்து எடுத்து வையுங்கள்.

அதோடு முடியவில்லை. பள்ளியின் லெட்டர்பேடில் எழுதி வாங்கிப் போனதை உதவியாளர் திருப்பிக் கொடுத்தார். ஒவ்வொரு வகுப்புக்கும் எந்தக் கல்வியாண்டு, எந்தப் பள்ளி என்று தனித்தனியாகக் கட்டம் போட்ட படிவத்தில்தான் வேண்டுமாம். அந்தப் படிவம் அவர் மேசையிலேயே இருந்தது! அதைக் கொடுத்து அனுப்பியிருந்தால் அந்த டீச்சரை மறுபடியும் அலைக்கழித்திருக்க வேண்டியதில்லை. ஆகவே எந்த அலுவலகத்துக்குப் போனாலும் முதலில் படிவம் உண்டா என்று கேளுங்கள்.

இன்னொன்று: அரசு உதவி பெறும் பள்ளி இந்த ஒதுக்கீட்டில் சேராது. ஊராட்சி ஒன்றியம், நகராட்சி, மாநகராட்சி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, கள்ளர் சீரமைப்புப் பள்ளி எல்லாம் சேரும். தம்பியின் நண்பன் ஒன்பதும் பத்தும் உதவி பெறும் பள்ளியில் படித்தவன். அங்கேயும் கட்டணம் இல்லை, புத்தகம் இலவசம் என்பதால் அதுவும் அரசுப் பள்ளிதான் என்று வீட்டில் நம்பியிருந்தார்கள். அந்தப் பையனின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஐந்தாம் வகுப்பு முடித்துப் பள்ளி மாற்றும்போதே இதை விசாரித்துவிட வேண்டும்.

சாதிச் சான்றிதழிலும் ஒரு இழுபறி. மதிப்பெண் பட்டியலில் இருப்பதைவிட அதில் ஆங்கிலப் பெயரில் ஓர் எழுத்து கூடுதல். இ-சேவை மையத்தில் புதிதாக விண்ணப்பித்தோம். கிராம நிர்வாக அலுவலர் அன்றே அனுப்பிவிட்டார். வருவாய் ஆய்வாளரிடம் போய் அப்படியே உட்கார்ந்துகொண்டது. கேட்கும்போதெல்லாம் "ஐயா கேம்ப்" என்ற பதில்தான். விண்ணப்ப எண்ணை ஒரு தாளில் பெரிதாக எழுதி நேரில் கொடுத்த பிறகுதான் நகர்ந்தது. பத்தாம் வகுப்புப் பட்டியல் கையில் வந்த அன்றே மற்றச் சான்றிதழ்களோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

பதிவு, சான்றிதழ் சரிபார்ப்பு, தரவரிசை எல்லாம் ஆன்லைனில் தொல்லையில்லாமல் முடிந்தன. கட்-ஆஃப் 200-க்கு, கணிதம் 100, இயற்பியலும் வேதியியலும் தலா 50. பிளஸ் ஒன்னில் கணிதம் இல்லாத அறிவியல் குரூப் எடுத்தவர்களுக்கு இந்தக் கணக்கே கிடையாது. எந்தப் பக்கம் போவது என்று தெரியாத பிள்ளைகளுக்குக் கணிதமும் உயிரியலும் சேர்ந்த குரூப்தான் நல்லது என்பேன், சுமை கூடினாலும்.

தம்பிக்கு 7.5 ஒதுக்கீட்டிலேயே, அவன் முதலாவதாகப் போட்டிருந்த கல்லூரியில் மெக்கானிக்கல் கிடைத்தது. ஒதுக்கீட்டு ஆணையை எடுத்துக்கொண்டு முதலில் அந்த நடுநிலைப் பள்ளி டீச்சரிடம்தான் போனோம்.