நடவு இல்லாத மாதங்கள்

ஏப்ரல் 27, 2025

போன நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரை கடந்தபோது, நாங்கள் மரம் வளர்க்கும் எங்கள் ஊர் மேய்க்கால் புறம்போக்கில் போட்டிருந்த மண்கரைகள் பல இடங்களில் உடைந்தன. வானூர்ப் பக்கத்துச் செம்மண்ணைத் தண்ணீர் ஒரு தடவை அறுக்கத் தொடங்கினால் விடாது. மழைக்கு முன்னால் கரையை அடைத்தாக வேண்டும்.

கரை ஒரே மட்டத்தில் ஓட வேண்டும். மட்டம் பார்க்கக் கொத்தனார் வைத்திருக்கும் டியூப் மட்டமே போதும். தண்ணீர் நிரப்பிய டியூபின் இரண்டு முனைகளையும் ஒரே அளவுக் கோல்களில் கட்டி, ஆளுக்கொரு கோலைப் பிடித்து நகர வேண்டும். இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே குறியில் நிற்கும் இடத்தில் முளை அடிக்கிறோம். கோடு பாம்பு மாதிரி வளைந்துதான் போகும். அழகுக்காக அதை நேராக்கினால் தண்ணீர் பள்ளத்தில் சேர்ந்து அங்கேயே உடைத்துக்கொண்டு போய்விடும்.

மே 11

அக்னி நட்சத்திரம். ஐந்து மணிக்கே இறங்கி எட்டுக்குள் ஏறிவிடுகிறோம். கன்றுகளுக்குச் சருகு மூடாக்கு. தண்டை ஒட்டிப் போடாமல் ஒரு சாண் தள்ளிப் போட வேண்டும், இல்லாவிட்டால் கறையான் ஏறும்.

ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் வந்து நின்றார். "மரம் வெக்கிறீங்க, சரி. எங்க ஆடு எங்க போவும்?" நியாயம்தானே? பெயரிலேயே மேய்க்கால் என்று இருக்கிறது. வேலிக்குள் புல்லை அறுத்துக் கட்டு கட்டி எடுத்துப்போகலாம், ஆடு மட்டும் உள்ளே வரக் கூடாது என்று பேசி முடித்தோம். எங்களுக்கும் லாபம்தான். காய்ந்த புல் போனால் பீடி நெருப்புக்குப் பயப்பட வேண்டாம்.

ஜூன் 5

உலகச் சுற்றுச்சூழல் நாள். காலையிலிருந்து போன், எல்லோருக்கும் இன்றைக்கே நட வேண்டும். ஜூலை முதல் வாரம் வன மகோத்சவத்துக்கும் இதே கதைதான். மத்திய உணவு, விவசாய அமைச்சராக இருந்த கே.எம். முன்ஷி 1950இல் தொடங்கியது அது. நாட்டின் பெரும்பகுதிக்குத் தென்மேற்குப் பருவமழைதான் மழை, அவர்களுக்கு அந்தத் தேதி சரி. நம் கடலோரத்துக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில். ஜூனில் நட்டால் போட்டோ மிஞ்சும், கன்று மிஞ்சாது. ஒரு கல்லூரிக்காரர்களிடம் மட்டும், "நட வேண்டாம், நாற்றுப் பையில் மண் நிரப்ப வாருங்கள்" என்று சொல்லிவைத்தேன். "யோசிச்சுச் சொல்றோம் சார்" என்றார்கள்.

ஜூன் 22

வேப்பம்பழம் உதிர்கிறது. சதையைக் கழுவி நிழலில் உலர்த்துகிறோம். விதையை உடைத்தால் பருப்பு பச்சையாக இருக்க வேண்டும், பழுப்பென்றால் வீண். நாவலும் இலுப்பையும் இன்னும் அவசரக்காரர்கள், உடனே விதைத்தால்தான் உண்டு. கொன்றை நேர்மாறு. கெட்டித் தோலை வெந்நீரில் ஊறவைத்துக் கெஞ்ச வேண்டும்.

வீரை, காசா விதைகள்தான் கிடைப்பது கஷ்டம். இந்தக் கடலோரத்தின் சொந்த மரங்களைப் பார்க்க இன்றைக்குப் புத்துப்பட்டு அய்யனார் கோயில் காடு மாதிரி இடங்களுக்குத்தான் போக வேண்டியிருக்கிறது.

ஜூலை 6

நாற்றங்காலில் பை இடம் மாற்றும் வேலை. ஒரே இடத்தில் விட்டால் வேர் பையைத் துளைத்துத் தரைக்குள் இறங்கிவிடும். நடப்போகும் சமயத்தில் பிடுங்கினால் கன்று துவண்டுபோகும். பையைத் தூக்கி, வெளியே நீண்ட வேரைப் பிளேடால் நறுக்கி, குட்டையையும் நெட்டையையும் பிரித்து அடுக்குகிறோம். நான் தயங்கித் தயங்கி நறுக்குவதைப் பார்த்து நாற்றங்கால் அக்கா சிரித்தார். "இப்ப அறுத்தாதான் ஐப்பசில நிக்கும் தம்பி."

கல்லூரிப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள்! சொன்ன கூட்டத்தில் பாதிதான். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒன்று, எரு ஒன்று என்று கலந்து கொடுத்தோம். ஒரு பெண் கேட்டாள், "நாங்க நிரப்பின பையில எங்க பேரை எழுதலாமா அக்கா?"

"எழுதிக்கோ. மொதல்ல மண்ணைத் தட்டி இறுக்கு, பாதிப் பை காத்தாதான் இருக்கு."