ஒற்றைப் பூ ஜாடி: வாய், வயிறு, அடி

பூச்சாடி வாங்கும்போது கண் முதலில் நிறத்துக்கும் வளைவுக்கும்தான் போகும். ஒரே ஒரு காம்பைத் தாங்கும் சின்னப் பீங்கான் ஜாடிக்கு அந்தப் பார்வை போதாது. பூவைப் பிடிப்பது அதன் வாய், தண்ணீரைக் காப்பது வயிறு, நிற்க வைப்பது அடி. இந்த மூன்றும் தேறிய பிறகு அழகைப் பார்த்துக்கொள்ளலாம். பழையதோ புதியதோ, தண்ணீர் ஊற்றிப் பூ வைக்க முடியாத ஜாடி அலமாரியில் தூசிதான் சேர்க்கும்.

வாயிலிருந்து தொடங்கலாம். கடைக்குப் போகும்போது இரண்டு பென்சில் கொண்டுபோங்கள். சாதாரணப் பென்சிலின் தடிமன் சுமார் 7 மி.மீ. இரண்டும் சேர்ந்து இறங்கினால் ரோஜா, ஜெர்பரா, சம்பங்கிக் கதிர் எல்லாம் நிற்கும். ஒன்றுதான் நுழைகிறது என்றால் துளசிக் கதிர், சங்குப்பூக் கொடி, புல் கதிரோடு சரி. கட்டைவிரல் தாராளமாக உள்ளே போனால் ஒற்றைக் காம்பு ஒரு பக்கம் சரிந்து விளிம்பில் தொங்கும். அந்த மாதிரி ஜாடி ஏற்கெனவே வீட்டில் இருந்தால், கவட்டைக் குச்சி ஒன்றை வாய் அளவுக்கு வெட்டி உள்ளே குறுக்காகச் செருகி, காம்பை அந்தக் கவட்டையில் சாய்க்கலாம். ஜப்பானியப் பூ அலங்காரத்தில் இதற்குக் ‘குபாரி’ என்று பெயர். கழுத்தின் நீளமும் முக்கியம். 3 செ.மீ.க்குக் குறைந்த கழுத்து காம்பைப் பிடிக்காது, மின்விசிறிக் காற்றுக்கே பூ சுற்றிக்கொண்டு சுவரைப் பார்க்கும்.

அடியைச் சோதிக்க சமையலறைக் கடப்பா மேடை போதும். வைத்து ஒரு விரலால் தள்ளிப் பாருங்கள். லேசாக ஆடினால் சூளையில் அடி கோணியிருக்கிறது. நீர்க்காகிதம், அதாவது ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாளை, கண்ணாடி மேல் வைத்து நனைத்துத் தேய்த்தால் சிறிய கோணல் சரியாகிவிடும். புது ஜாடியில் இதைச் செய்யலாம். பழையதில் செய்யாதீர்கள், அடியில் இருக்கும் தேய்மானம்தான் அதன் வயதுக்குச் சாட்சி. 15 செ.மீ. உயர ஜாடிக்கு அடி 4 செ.மீ. விட்டமாவது வேண்டும். அதற்கும் குறைந்தால், பிற்பகலில் கடல்காற்று புகும் பால்கனிப் பக்கம் வைக்கவே கூடாது. அடியில் மூன்று இடத்தில் பட்டாணி அளவு தேன்மெழுகு ஒட்டி அழுத்தினால் பிடித்துக்கொள்ளும், திருகினால் வந்துவிடும். போஸ்டர் ஒட்டும் நீலப் பசையைத் தவிர்க்கவும். கிளேஸ் (சூளையில் உருகி ஒட்டும் கண்ணாடி போன்ற பூச்சு) இல்லாத அடிவளையத்தில் அதன் எண்ணெய் இறங்கிக் கறையாக நின்றுவிடும்.

பழைய ஜாடியைத் திருப்பினால் முத்திரை இருக்கும். 1890-இல் அமெரிக்கா கொண்டுவந்த மெக்கின்லி சுங்கச் சட்டம், இறக்குமதிப் பொருள்களில் பிறந்த நாட்டின் பெயரைப் பொறிக்கச் சொன்னது. அதனால் 1891-க்குப் பிறகு ஏற்றுமதியான ஜப்பானியப் பீங்கானில் ‘நிப்பான்’ (ஜப்பானிய மொழியில் ஜப்பானின் பெயர்) என்று இருக்கும். 1921-இலிருந்து அது ‘ஜப்பான்’ ஆனது. ‘ஆக்குபைட் ஜப்பான்’ (ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்) என்று இருந்தால் இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1952-க்குள் செய்தது. ‘மேற்கு ஜெர்மனி’ என்றால் 1949-க்கும் 1990-க்கும் நடுவில். அந்த ஜெர்மன் ஜாடிகளில் பெரும்பாலும் இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது வடிவத்தின் எண், இரண்டாவது உயரம் செ.மீ.யில். ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள், கணிசமாகக் குறைந்தால் உடைந்த வாயைத் தேய்த்துச் சமமாக்கியிருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம்.

முத்திரையை மட்டும் நம்பிவிடக் கூடாது. போலி ‘நிப்பான்’ முத்திரைகள் ஏராளமாகப் புழங்குகின்றன. தேய்மானம் பொய் சொல்வது அதைவிடக் கடினம். உண்மையான பழைய ஜாடியில், மேசையைத் தொடும் வளையம் மட்டும் தேய்ந்து வழுவழுப்பாக இருக்கும், குழிந்த நடுப்பகுதி சுத்தமாக இருக்கும். அடி முழுவதும் ஒரே பழுப்பாக இருந்தால் டீத்தண்ணீரோ ஷூ பாலிஷோ பூசியிருக்கலாம். முகர்ந்தாலே தெரிந்துவிடும்.

விரிசல் பார்க்க ஜாடியை உள்ளங்கையில் நிறுத்தி விரல் கணுவால் தட்டுங்கள். நன்றாக வெந்த ஸ்டோன்வேரும் (அதிகச் சூட்டில் சுட்ட, கல் போன்ற பாண்டம்) போர்சலினும் (மெல்லிய வெள்ளைப் பீங்கான்) ‘ணங்’ என்று நீளமாக ஒலிக்கும், விரிசல் விட்டது ‘டொக்’ என்று நிற்கும். சுடுமண் ஜாடி விரிசல் இல்லாமலேயே மந்தமாகத்தான் ஒலிக்கும், அதற்கு இந்தச் சோதனை உதவாது. மெல்லிய போர்சலின் என்றால் வாயில் கைபேசி விளக்கைப் பொருத்தி இருட்டில் பாருங்கள். மயிரிழை விரிசல் கருங்கோடாகத் தெரியும். ஒட்டுவேலையைக் கண்டுபிடிக்க 365 நானோமீட்டர் புறஊதா டார்ச் வேண்டும். பல பசைகளும் மேல்பூச்சுகளும் அந்த ஒளியில் பளீரென்று தனித்துத் தெரியும். கழுத்தும் தோளும் சேரும் இடத்தில்தான் ஒற்றைப் பூ ஜாடி அதிகம் உடைகிறது, டார்ச்சை முதலில் அங்கே காட்டுங்கள்.

சென்னையில் பழையது தேட, சென்ட்ரல் பக்கத்து அல்லிக்குளம் வளாகத்தைச் சுற்றிப் பார்க்கலாம். 1985 தீ விபத்துக்குப் பின் மூர் மார்க்கெட் வியாபாரிகள் இடம்பெயர்ந்தது அங்கேதான். பயணம் போகத் தயார் என்றால் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெரு. செட்டிநாட்டு வீடுகளுக்குக் கடல் கடந்து வந்த பீங்கானும் எனாமல் பாத்திரமும் கைமாறும் தெரு அது. இந்தக் கடைகளில் பூ ஜாடி என்றே கேட்காதீர்கள். பழைய மை பாட்டில், சின்ன ஊறுகாய் ஜாடி என்றும் கேளுங்கள். இங்கிலாந்தின் டென்பியில் ஜோசப் போர்ன் நிறுவனம் ஆர்னால்டு என்ற மை நிறுவனத்துக்காகச் செய்த பழுப்பு ஸ்டோன்வேர் பாட்டில்கள் ஒரு காம்புக்கென்றே அளவெடுத்ததுபோல இருக்கும். கம்பெனிப் பெயர் அடிக்குச் சற்று மேலே, பக்கவாட்டில் அழுத்திப் பொறிக்கப்பட்டிருக்கும். சூளையின் உச்சச் சூட்டில் உப்பை எறிந்து, அதன் ஆவி களிமண்ணிலுள்ள சிலிக்காவோடு சேர்ந்து உருவாகும் ‘உப்பு கிளேஸ்’ பூச்சு இவற்றில் பலவற்றில் இருக்கும். ஆரஞ்சுத் தோல் போன்ற புள்ளிக்குழிகள் அதன் அடையாளம்.

புதியது என்றால் என் ஓட்டு புதுச்சேரிக்குத்தான். 1971-இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியும், அங்கே பயின்று தனிச் சூளை வைத்தவர்களும் இந்தப் பகுதியை ஸ்டோன்வேருக்குப் பெயர்பெற வைத்தார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும் வழியில் முட்டுக்காடு தட்சிணசித்ரா கைவினை அருங்காட்சியகத்தையும் பார்த்துவிடலாம். சென்னைக்குள்ளேயே கொசப்பேட்டையில் சுடுமண் வேலை நடக்கிறது.

எதை வாங்கினாலும் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை கசிவுச் சோதனை. வாய்வரை தண்ணீர் ஊற்றி, செய்தித்தாள் மேல் 24 மணி நேரம் வையுங்கள். 1200 டிகிரி செல்சியஸுக்கு மேல் சுட்ட ஸ்டோன்வேரில் மண் இறுகிக் கண்ணாடிபோல ஆகிவிடுவதால் பொதுவாகத் தாள் நனையாது. 1000 டிகிரி அளவில் சுட்ட சுடுமண்ணில் நுண்துளைகள் திறந்தே இருக்கும், உள்ளே கிளேஸ் இல்லையென்றால் வியர்க்கும். அந்த ஈரம் மர மேசையில் வெள்ளை வட்டம் போடும், ஜாடியின் வெளிப்புறத்திலும் உப்புப் பூக்கும். ஜெய்ப்பூர் நீலப் பாண்டத்தையும் நேரடியாக நம்ப வேண்டாம். களிமண்ணே இல்லாமல் குவார்ட்ஸ் பொடியும் கண்ணாடித் தூளும் சேர்த்துக் குறைந்த சூட்டில் சுட்டது அது. இவற்றுக்கெல்லாம் ஒரே தீர்வு, ஆய்வகச் சோதனைக் குழாய். 12 மி.மீ. விட்டமும் 75 மி.மீ. நீளமும் கொண்டது சின்ன ஜாடிக்கு, 15 மி.மீ.க்கு 125 மி.மீ. உயரமானதற்கு. அறிவியல் உபகரணக் கடைகளில் கிடைக்கும். குழாயில் தண்ணீர் ஊற்றி ஜாடிக்குள் இறக்கிவிட்டால் ஜாடி நனையவே நனையாது.

கழுவுவதுதான் பலர் கைவிடும் இடம். கழுத்துக்குள் விரல் போகாது, பிரஷ்ஷும் தோளின் உள்வளைவைத் தொடாது. ஒரு மேசைக்கரண்டி பச்சரிசி, பாதி ஜாடி வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சொட்டு பாத்திர சோப்பு. வாயை விரலால் மூடி ஒரு நிமிடம் சுழற்றுங்கள், வழவழப்பு அரிசியோடு வந்துவிடும். மணல் போடாதீர்கள், கிளேஸில் கீறல் விழும். போர்வெல் தண்ணீர் விட்ட வெள்ளைப் படிவு அரிசிக்கு மசியாது. 200 மி.லி. தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சிட்ரிக் அமிலம் கரைத்து அரை மணி நேரம் ஊற்றி வையுங்கள். தங்க விளிம்பு உள்ளதிலும் குறைந்த சூட்டில் சுட்டதிலும் அமிலம் வேண்டாம். கிளேஸில் வலைபோல மயிர்க்கோடு விழுந்த ஜாடியில் பிளீச் கூடவே கூடாது. கோடு வழியாக உள்ளே இறங்கிக் காய்ந்து உப்பாகி, நாளடைவில் கிளேஸைச் செதில் செதிலாகப் பெயர்த்துவிடும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கவிழ்த்து வைத்தாலும் உள்ளே காயாது, நாற்றம் பிடிக்கும். தடித்த பருத்தித் திரியை அடிவரை விட்டு, மறுமுனையை வெளியே தொங்கவிட்டால் ஈரத்தை உறிஞ்சி எடுத்துவிடும்.

இந்த ஊரில் இன்னொன்றையும் மறக்கக் கூடாது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு, நல்ல தண்ணீர் தேங்கிய சின்னப் பாத்திரத்தில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். தண்ணீரை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றுவது பூவுக்கும் நல்லது. ஆனால் மாற்றினால் மட்டும் போதாது. முட்டைகள் தண்ணீருக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது, மறுபடி தண்ணீர் ஏறியதும் பொரிக்கும். ஆகவே வாரம் ஒருமுறையாவது அந்த அரிசிச் சுழற்சி. பூ இல்லாத ஜாடியில் ஒரு சொட்டுகூட நிற்கக் கூடாது.

பூவுக்கு வந்தால், கோயம்பேட்டில் குவியலாகக் கிடப்பது மாலைக்கான உதிரிப் பூ, அதில் காம்பே இருக்காது. சம்பங்கியைக் கதிராகக் கேட்டு வாங்குங்கள். அடி மொட்டு இரண்டு விரிந்து மற்றவை மூடியிருக்கும் கதிர் நாள்படத் தாங்கும். தண்ணீருக்குள் வரும் இலைகளைக் கிள்ளிவிட்டு, காம்பின் நுனியைச் சாய்வாக வெட்டி, வெட்டிய உடனே ஜாடியில் வைக்கவும். தாமதித்தால் காம்புக்குள் காற்று ஏறித் தண்ணீர் மேலே போகாது. ஜாடியின் வாய்க்கு மேலே தெரியும் காம்பும் பூவும் ஜாடி உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு இருந்தால் கண்ணுக்கு நிறைவாக இருக்கும், அதற்கு மேல் போனால் தலை கனத்துவிடும். நந்தியாவட்டை, அரளி போன்றவை பால் வடியும். வெட்டிய நுனியை ஒரு நிமிடம் வெந்நீரில் பிடித்தால் நின்றுவிடும். அரளிப் பால் விஷம், கையையும் ஜாடியையும் கழுவிவிடுங்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் அரளியே வேண்டாம். செம்பருத்தி தண்ணீரில் வைத்தாலும் வைக்காவிட்டாலும் ஒரே நாள்தான். அதற்கு மிகச் சின்ன ஜாடி போதும், காலையில் வைத்து இரவில் எடுத்துவிடலாம்.