அப்பா கண்டுபிடித்த லைன்

ஹெர்ண்டனுக்கு வந்த முதல் மூன்று மாதம் நான் நடந்ததே இல்லை. அமெரிக்காவில், வர்ஜீனியாவின் இந்தப் புறநகரில் பால் வாங்கவும் கார் வேண்டும், நூலகத்துக்குப் போகவும் கார் வேண்டும். எனக்கு ஓட்டத் தெரியாது. கணவரைச் சார்ந்து வந்த எச்-4 விசா, வேலை அனுமதியும் இல்லை என்பதால் வேலைக்கும் போக முடியாது. கணவர் கிளம்பிப் போன பிறகு ஜன்னலோரம் நின்று கார்கள் வருவதையும் போவதையும் பார்த்துக்கொண்டிருப்பேன். சாயங்காலத்துக்குள் அழுகை முட்டிக்கொண்டு வரும்.

பக்கத்து வீட்டு அக்காதான் ஒருநாள், "பின்பக்கம் டிரெயில் இருக்கே, அங்கே போய்ப் பாரேன்" என்றார். மரங்களைத் தாண்டிப் போனால் பத்தடி அகலத்தில் தார்ப்பாதை, நடுவில் மஞ்சள் கோடு. எந்தப் பக்கம் பார்த்தாலும் கார் இல்லை. அன்றைக்கு என்னை அறியாமல் ஒரு மணி நேரம் நடந்துவிட்டேன்.

அதே நாளில் ஒரு பாடமும் கிடைத்தது. முதுகுக்குப் பின்னால் யாரோ "ஆன் யுவர் லெஃப்ட்!" என்று குரல் கொடுத்தார். லெஃப்ட் என்பது மட்டும்தான் காதில் விழுந்தது. சட்டென்று இடப்பக்கம் ஒதுங்கினேன். பின்னால் வந்த சைக்கிள் என்னை இடிக்காமல் புல்லில் இறங்கி நின்றது. உங்கள் இடப்பக்கமாக முந்திப் போகிறேன், நீங்கள் வலப்பக்கத்திலேயே நடங்கள் என்பதுதான் அதற்கு அர்த்தமாம். அந்தப் பெரியவர் கோபப்படாமல் விளக்கிச் சொல்லிவிட்டு, "வெல்கம்" என்று கையசைத்துப் போனார். இந்த ஊரில் வீட்டுக்கு வெளியே யாரோ ஒருவர் என்னோடு நின்று பேசியது அதுதான் முதல் தடவை.

அடுத்த மே மாதம் அப்பா வந்தார். மீட்டர் கேஜ் ரயில் காலத்தில், தண்டவாளத்தைப் பார்த்துப் பராமரிக்கும் கீமேனாக இருந்தவர். தோளில் சுத்தியலும் ஸ்பேனரும் வைத்துக்கொண்டு தினமும் தண்டவாளத்தின் மேலேயே நடப்பார். தண்டவாளத்தை இறுக்கிப் பிடிக்கும் இரும்பு ஆப்புக்குச் சாவி என்று பெயர்; தளர்ந்த சாவியைத் தட்டி இறுக்குவார், இரண்டு தண்டவாளங்களை இணைக்கும் ஃபிஷ் பிளேட்டில் போல்ட் கழன்றிருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார். முப்பது வருடம் அப்படி நடந்த முட்டி இப்போது படியேற மறுக்கிறது. சரி, பக்கத்தில் ஒரு சுற்று போய்வரலாம் என்று கூட்டிப்போனேன்.

பத்து நிமிடம் பேசாமல் நடந்தார். அப்புறம் நின்று, பாதையை நீளத்துக்குப் பார்த்தார்.

"இது லைன் போன தடம்மா."

நான் அதுவரை ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. எப்படித் தெரியும் என்று கேட்டேன். "ரோடு போடுறவன் மேடு வந்தா ஏத்திவிடுவான். இங்க பாரு, மேட்டை வெட்டியிருக்கான், பள்ளத்தை மண்ணு போட்டு நிரப்பியிருக்கான். வளைவைக்கூட எவ்வளவு நிதானமா திருப்பியிருக்கான்! இரும்பு மேல இரும்புச் சக்கரம் ஓடுதில்ல, செங்குத்தா ஏத்தினா வழுக்கும்." அவருடைய முட்டி வலிக்காததற்கும் அதுதான் காரணம். ரயில் இன்ஜினுக்காகச் சமன் செய்த மண் அது.

அவர் சொன்னது சரிதான். வாஷிங்டன் அண்ட் ஓல்ட் டொமினியன் ரயில்பாதை என்று பெயர். 1860இல் லீஸ்பர்க் வரை ரயில் போனது. ஹெர்ண்டன் ஸ்டேஷனிலிருந்து தலைநகர் வாஷிங்டனுக்குப் பால் கேன்கள் ஏறின. 1951இல் பயணிகள் ரயில் நின்றது, 1968இல் சரக்கு ரயிலும் நின்றது. தண்டவாளத்தைப் பிடுங்கினார்கள், நிலம் மின்சார நிறுவனத்தின் கைக்குப் போனது. பாதையோடு கூடவே உயரமான மின்கோபுரங்கள் வருவது அதனால்தான். 1974இல் ஃபால்ஸ் சர்ச் என்ற ஊரில் சிறு துண்டு நடைபாதையானது. 1988இல் பர்சல்வில் வரை முடித்து 45 மைல் ஆக்கினார்கள். பாதையோடு சேர்ந்த நிலத்தின் அகலம் வெறும் 100 அடி, ஆனால் முழுக்கப் பூங்கா.

இதையெல்லாம் சொன்னபோது அப்பாவுக்கு மனசு ஆறவில்லை. "போட்ட லைனை எதுக்குப் பிடுங்கணும்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அந்தக் கேள்வி நியாயமானது என்றுதான் எனக்கும் படுகிறது. 2022 நவம்பரில் இதே ஹெர்ண்டனுக்கு மெட்ரோவின் சில்வர் லைன் வந்து சேர்ந்தது. பழைய பாதைக்குக் கொஞ்ச தூரத்தில் புதிதாகத் தண்டவாளம் போட்டுக் கொண்டுவந்தார்கள். ஆனால் பழைய தடத்தையும் பிளாட் போட்டு விற்றிருந்தால் எனக்கு நடக்க ஓர் இடம் இருந்திருக்காது.

ஊர் நடுவில் பழைய ஸ்டேஷன் கட்டடம் இன்னும் இருக்கிறது, உள்ளே அருங்காட்சியகம். அருகில் சிவப்பு நிறத்தில், சரக்கு ரயிலின் கடைசியில் கார்டு வரும் பெட்டி ஒன்று. அப்பா அதன் சக்கரத்தை விரல் மடக்கித் தட்டி, காதை வைத்துக் கேட்டார். கீழே குனிந்து சாவியைத் தேடினார். மறுநாளிலிருந்து காலை ஆறு மணிக்கெல்லாம் ஷூ மாட்டிக்கொண்டு தயாராக நிற்பார். எதிரில் வருகிறவர்கள் குட் மார்னிங் சொன்னால், வலது கையைத் தூக்கி வணக்கம் வைப்பார். இரண்டே வாரத்தில் என்னைவிட அவருக்குத்தான் பழகிய முகங்கள் அதிகம். நாய்களின் பெயர்கூடத் தெரியும்.

அரை மைலுக்கு ஒரு மைல்கல் உண்டு. ஸ்டேஷன் பக்கம் 20. அங்கிருந்து கிழக்கே ரெஸ்டன் பக்கமாக 18 வரை போய்த் திரும்புவது எங்கள் கணக்கு. ஒரு மழைக்குப் பிறகு தார் ஓரத்தில் மண் கரைந்து கருங்கல் துண்டுகள் தெரிந்தன. அப்பா ஒன்றை எடுத்து உள்ளங்கையில் புரட்டினார். "ஜல்லி" என்றார். எடுத்த இடத்திலேயே வைத்து, ஷூ காலால் அழுத்தினார்.

அவர் ஊர் திரும்பி எட்டு மாதம் ஆகிறது. நான் இப்போது கார் ஓட்டுகிறேன், ஆனாலும் காலையில் டிரெயிலுக்குத்தான் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் நலம் விசாரிப்பதற்கு முன்னாலேயே கேட்கிறார்: "இந்த வாரம் எந்தக் கல் வரைக்கும் போன?"

"இருபத்திமூணுப்பா."

"மேற்கே போயிட்டியா? மழை பெஞ்சதுன்னு சொன்னியே, மதகுல தண்ணி சரியா ஓடுதான்னு பார்த்தியா?"