‘நாம்’ என்ற ஒரு சொல்

“மூணாவது தடவை கூடத்துக்கு வர்றப்போ ‘நாம்’னு இருக்கே, எழுத்துப்பிழையா?” என் விளையாட்டை முதலில் ஆடிப் பார்த்த தோழி அனுப்பிய செய்தி. இரண்டு வாரம் மண்டைக்குள் உருட்டி வைத்த சொல் அது. படித்ததும் நெஞ்சு கொஞ்சம் வலித்தது.

எழுத்தால் மட்டுமே ஆன திகில் விளையாட்டு, மிக எளியது. காலி வீடு. நீ தனியாக ஒரு சாவியைத் தேடுகிறாய். படம், ஓசை எதுவும் கிடையாது. சில சொற்களைத் தொட்டால் அடுத்த பத்தி வரும். ‘நீ படியேறுகிறாய்’, ‘நீ கதவைத் தள்ளுகிறாய்’ என்றே போய்க்கொண்டிருக்கும். கூடத்துக்கு மூன்றாம் முறை திரும்பி வந்தால் மட்டும், ‘நாம் படியேறுகிறோம்.’ மற்ற வரிகள் எல்லாம் அப்படியே.

‘நாங்கள்’ என்றால் கேட்பவர் வெளியே நிற்கிறார். ‘நாம்’ என்றால் அவரும் உள்ளே. அதுவரை கதை சொல்லிக்கொண்டிருந்த குரல், வீட்டுக்குள் பக்கத்திலேயே நடந்து வந்திருக்கிறது. இத்தனையையும் ஒரு சொல் சொல்லிவிடும் மொழி நம்முடையது. இதை விட்டுவிட்டு ரத்தத்தையும் எலும்புக்கூட்டையும் வர்ணிக்க எனக்கு மனசே வரவில்லை. ‘நீங்கள்’ என்றும் எழுதிப் பார்த்தேன். குரல் தள்ளி நின்றது. ‘நீ’ என்றதும், ரொம்ப நாளாக என்னைத் தெரிந்த யாரோ பேசுவது போல ஆகிவிட்டது.

ஆரம்பத்தில் கட்டளையைத் தட்டச்சு செய்து ஆடும் வகையைத்தான் செய்ய ஆசைப்பட்டேன். 1977இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் எழுதத் தொடங்கிய ‘சோர்க்’ அந்த வகை. விளக்கில்லாமல் நடந்தால் இருட்டில் ‘குரூ’ என்ற ஒன்று தின்றுவிடும். அதை நம் கண்ணில் காட்டுவதே இல்லை. ஆனால் தமிழில் ‘கதவைத் திற’, ‘கதவை திற’, ‘கதவத் தொற’ எல்லாம் ஒன்றுதான் என்று நிரலுக்குப் புரியவைக்க வேண்டும். உருபும் ஒற்றும் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். ஒரு மாதம் மல்லுக்கட்டிவிட்டு ட்வைனுக்கு வந்தேன். கிறிஸ் கிளிமாஸ் 2009இல் வெளியிட்ட இலவசக் கருவி. ஒவ்வொரு பத்தியும் ஒரு பெட்டி, பெட்டிகளுக்கு இடையே கோடு. அதிலுள்ள ஹார்லோ என்ற கதை வடிவம், ஒரு பத்திக்கு எத்தனை முறை வந்தோம் என்பதைத் தானே எண்ணிவைக்கும். என் ‘நாம்’ அந்த எண்ணிக்கையில்தான் தொங்குகிறது.

விளையாட்டுத் திரையின் ஓரத்தில் பின்னோக்கிப் போகும் அம்புக்குறி ஒன்று இருக்கும். அதை அழுத்தினால் எண்ணிக்கையும் பின்னால் போய்விடும், பயமும் போய்விடும். மறைத்துவிட்டேன். எழுத்துகள் ஒவ்வொன்றாக மெல்லத் தோன்றும் உத்தியையும் தூக்கினேன். வேகமாக வாசிப்பவருக்கு எரிச்சல்தான் மிச்சம்.

பகிர்வது சுலபம். முழு விளையாட்டும் உலாவியில் திறக்கும் ஒரே எச்.டி.எம்.எல். கோப்பு, இட்ச்.ஐஓ என்ற விளையாட்டுத் தளத்தில் ஏற்றலாம், செய்தியோடு இணைத்தும் அனுப்பலாம். அப்படி அனுப்பியதில் ஒருவர் பாதியில் மூடிவிட்டார். அண்மையில் வீட்டில் ஒரு சாவு, காலி அறைகளை வாசிக்க முடியவில்லை என்றார். இப்போது முதல் பக்கத்திலேயே மரணம், தனிமை, பூட்டிய அறை உண்டு என்று எழுதியிருக்கிறேன். கதையின் திருப்பத்தை அது கெடுக்கவில்லை.

தோழியின் கேள்விக்குப் பதிலாகத் தொடும் இணைப்பையே மாற்றினேன். மற்ற இடங்களில் ‘திரும்பிப் போ’. அந்த மூன்றாம் முறை மட்டும் ‘திரும்பிப் போவோம்’. ஆடுபவர் தன் விரலாலேயே அதைத் தொட வேண்டும்.

புதுக் கோப்பை இன்னொரு நண்பரிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் முறை கூடம் வந்தது. விரல் இணைப்புக்கு மேலேயே நின்றது. பிறகு திரையை மேலே தள்ளி, அந்தப் பத்தியை முதல் வரியிலிருந்து மறுபடி வாசித்தார்.