ஒரு டப்பா வெள்ளை பெயின்டில் மாறிய நாடு

சரக்கு இறக்கிவிட்டு வெளித்துறையில் நங்கூரம் போட்டுக் கிடந்தோம். நான் அப்போது சீஃப் ஆபீசர், கேப்டனுக்கு அடுத்த ஆள். காலையில் கேப்டன் கூப்பிட்டு, "கப்பலை வித்துட்டாங்க. இன்னைக்கே பேரையும் ஊரையும் மாத்தணும்" என்றார்.

டெக் ஆட்களுக்குத் தலைவரான போசன் கப்பலின் பின்பக்கம் பலகை கட்டி இறங்கினார். ஒரு டப்பா கறுப்பு, ஒரு டப்பா வெள்ளை. பின்பக்கத்தில் இருக்கும் கப்பல் பெயரும் அதன் கீழே உள்ள பதிவுத் துறைமுகத்தின் பெயரும் வெறும் பெயின்ட் அல்ல. எழுத்துகளின் ஓரத்தில் வெல்டிங் வைத்து மேடாக்கியிருப்பார்கள். கறுப்பு அடித்து மூடிய பிறகும் 'பனாமா' தடித்த தழும்பு மாதிரி தெரிந்தது. அதன் மேலேயே வெள்ளையில் 'மஜூரோ' என்று எழுதினார். சான்றிதழ் மின்னஞ்சலில் வந்தது, கொடி ஏஜென்டின் படகில் வந்தது. எந்த நாட்டில் பதிவோ, அந்த நாட்டுக் கொடிதான் கப்பலுக்கு. மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது நாங்கள் வேறு நாட்டுக் கப்பல்.

மஜூரோ, பசிபிக் கடலில் உள்ள மார்ஷல் தீவுகளின் தலைநகர். கப்பலும் அங்கே போனதில்லை, நானும் போனதில்லை. அந்த நாட்டின் கப்பல் பதிவேட்டை நடத்தும் அலுவலகமே அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் இருக்கிறது. லைபீரியாவின் பதிவேடும் அதே மாநிலத்திலிருந்துதான் நடக்கிறது. கடலே இல்லாத மங்கோலியாகூட ஒரு கப்பல் பதிவேடு வைத்திருக்கிறது. 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை, கப்பலுக்கும் அதன் கொடி நாட்டுக்கும் உண்மையான தொடர்பு இருக்க வேண்டும் என்கிறது. எங்கள் தொடர்பு அன்று பிரஷ்ஷால் ஏற்பட்டது.

முதலாளி பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. வரி குறைவு, கெடுபிடி குறைவு, எந்த நாட்டு ஆளையும் வேலைக்கு வைக்கலாம். நானும் இந்தக் கொடிகளின் கீழ்தான் சம்பளம் வாங்கினேன், ரொம்ப வாய் பேச முடியாது. ஆனால் நாடு என்று ஒன்று இருக்கிறதே, தன் கொடியில் கப்பலும் தனக்கென்று மாலுமிகளும் வேண்டுமா என்று அது போடவேண்டிய கணக்கு வேறு.

2023 நவம்பர் 19 அன்று செங்கடலில் 'கேலக்ஸி லீடர்' கப்பலை யேமனின் ஹூதி கிளர்ச்சியாளர்கள் ஹெலிகாப்டரிலிருந்து இறங்கிப் பிடித்தார்கள். பஹாமாஸ் கொடி. வாடகைக்கு எடுத்து ஓட்டியது ஜப்பானியக் கம்பெனி. உடைமை ஒரு பிரிட்டிஷ் நிறுவனம், அதன் பின்னால் இஸ்ரேலியத் தொழிலதிபர். மாலுமிகள் 25 பேரும் பிலிப்பைன்ஸ், பல்கேரியா, ருமேனியா, உக்ரைன், மெக்சிகோக்காரர்கள். இவ்வளவு நாடுகள் சம்பந்தப்பட்டும், "இது எங்கள் கப்பல், விடு" என்று அதட்டிக் கேட்க எது முன்னால் வரும்? 2025 ஜனவரியில்தான் மாலுமிகள் வெளியே வந்தார்கள். பதினான்கு மாதம்.

"உலகத்தில் கப்பலுக்கா பஞ்சம், வாடகை கொடுத்தால் யாரும் ஏற்றுவார்கள்" என்று சொல்பவர்களுக்குத் தென்கொரியாவைக் காட்டுவேன். உலகின் முதல் பத்து கன்டெய்னர் கம்பெனிகளில் ஒன்றாக இருந்த ஹன்ஜினுக்கு 2016இல் கடன்காரர்கள் கையை விரித்தார்கள், அரசும் தாங்கிப் பிடிக்கவில்லை. கட்டணம் யார் தருவார் என்ற பயத்தில் பல துறைமுகங்கள் அதன் கப்பல்களை உள்ளே விடவில்லை. சுமார் 1,400 கோடி டாலர் சரக்கு நடுக்கடலில் நின்றது. அப்புறம் 2018இல் அதே அரசு கப்பல் கம்பெனிகளுக்கு நிதி உதவ தனியாக ஒரு கடல்வணிக நிறுவனத்தைத் தொடங்கி, மிஞ்சியிருந்த எச்.எம்.எம். கம்பெனிக்குப் பணம் கொட்டி, 24,000 பெட்டி ஏற்றும் ராட்சதக் கப்பல்கள் பன்னிரண்டு வாங்க வைத்தது. கொரோனா காலத்தில் ஷாங்காய் கன்டெய்னர் கட்டணக் குறியீடு ஆயிரத்துக்குக் கீழிருந்து ஐயாயிரத்தைத் தாண்டியது. பெட்டியும் இடமும் கிடைக்காமல் உலகமே அல்லாடியபோது, எச்.எம்.எம். தன் நாட்டு ஏற்றுமதியாளர்களுக்காக அமெரிக்காவுக்குக் கூடுதல் கப்பல் விட்டது. செத்த மாட்டைப் புதைத்துவிட்டுப் புது மாடு வாங்கிய கதைதான், ஆனாலும் வாங்கினார்கள்.

கட்டண விஷயத்தில் தமிழர்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 1906இல் தொடங்கிய வ.உ.சி.யின் கம்பெனியை ஒழிக்க, எதிர்க் கம்பெனி டிக்கெட்டைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் இலவசமாக ஏற்றிக் கையில் குடையும் கொடுத்ததாகச் சொல்வார்கள். போட்டி செத்தபின் யாரும் குடை கொடுப்பதில்லை.

ஆனால் என் கவலை கப்பல் பற்றியதே அல்ல, ஆட்கள் பற்றியது. பணம் இருந்தால் பழைய கப்பலை ஒரு மாதத்தில் வாங்கிவிடலாம். ஒரு கேப்டனை உருவாக்கக் கிட்டத்தட்ட பத்து வருடம் ஆகும், அதுவும் கேடட்டாக, அதாவது பயிற்சி அதிகாரியாக ஏற யாராவது இடம் கொடுத்தால். 1982இல் ஃபாக்லாந்து போருக்கு பிரிட்டன் தன் வணிகக் கப்பல்களையும் கூடவே அனுப்பியது. அட்லாண்டிக் கன்வேயர் என்ற கன்டெய்னர் கப்பல் ஏவுகணை பட்டு எரிந்தபோது இறந்த 12 பேரில் அதன் கேப்டனும் ஒருவர். அவரை அவசரத்துக்கு எந்தச் சந்தையிலும் வாங்கியிருக்க முடியாது.

எனக்கு இன்றும் போன் வருகிறது. "சார், காலேஜ் முடிச்சு ரெண்டு வருஷம் ஆச்சு, எந்தக் கம்பெனிலயாவது சொல்லி ஏத்திவிடுங்க." ஏஜென்ட் லட்சக்கணக்கில் கேட்கிறானாம். சீ டைம், அதாவது கப்பலில் வேலை பார்த்த நாட்கள் இல்லாமல் பரீட்சை எழுத முடியாது, கப்பல் கிடைக்காமல் சீ டைம் கிடைக்காது. வெளிநாட்டுக் கொடிக்கு இந்தப் பையனை வளர்க்க வேண்டிய கடமை கிடையாது. பிரிட்டன் 2000இல் இதற்கு நல்ல பேரம் ஒன்று பேசியது: லாபத்துக்கு வரி வேண்டாம், கப்பலின் அளவுக்கு (டன்னேஜ்) ஏற்ப சின்ன வரி கட்டு, பதிலுக்குப் பதினைந்து அதிகாரிகளுக்கு ஒரு கேடட் வீதம் வருடாவருடம் எடு. எனக்குத் தெரிந்து இந்தத் துறையில் சலுகையையும் கடமையையும் இவ்வளவு நேராக முடிச்சுப் போட்ட சட்டம் குறைவு.

அமெரிக்காவின் 1920ஆம் ஆண்டு ஜோன்ஸ் சட்டம் மாதிரி, உள்நாட்டுத் துறைமுகங்களுக்கு இடையே ஓடும் கப்பலை உள்நாட்டிலேயே கட்ட வேண்டும் என்று கதவைச் சாத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. அங்கே கப்பல் கட்டும் செலவு ஆசியாவில் ஆவதைப்போலப் பல மடங்கு. போட்டி இருக்கட்டும், கேடட்டுக்கு ஒரு கட்டில் இருக்கட்டும்.

கட்டில் என்றதும் ஞாபகம் வருகிறது. பெயர் மாறிய அந்தக் கப்பலில் கதவில் 'கேடட்' என்று தகடு வைத்த இரண்டு கேபின்கள் இருந்தன. கட்டியவர்கள் முறையாகக் கொடுத்தது. ஆனால் யாரையும் ஏற்றவில்லை. ஒன்றில் கந்தல் துணி மூட்டை, இன்னொன்றில் டிஷ்யூ பெட்டிகள். அன்று மாலை, இறக்கிய பனாமாக் கொடியை என்ன செய்வது என்று போசன் கேட்டார். மடித்து அந்தக் கேபின் கட்டிலில் வைக்கச் சொன்னேன். போனவர் திரும்பி வந்து சிரித்தார். அங்கே ஏற்கெனவே வேறொரு நாட்டின் கொடி மடித்து வைத்திருக்கிறதாம்.