நிதி ஆலோசகர் வேலைக்குப் போகலாமா?

தனிநபர் நிதி ஆலோசகர் வேலையில் எவ்வளவு கிடைக்கும் என்று தம்பி ஒருவர் கேட்டார். தொகையை விட, அது யாரிடமிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். பாலிசி விற்றால் கமிஷன் தருவது நிறுவனம். வாடிக்கையாளரே கட்டணம் தந்தால் அவருக்காக மட்டும் யோசிக்கலாம். வாடிக்கையாளர்களுக்காக நிர்வகிக்கும் தொகையில் வருடத்துக்கு 1 சதவீதம் கட்டணம் என்பது பரவலான கணக்கு. அதாவது 1 கோடிக்கு 1 லட்சம். ஆனால் அந்த 1 கோடியைச் சேர்ப்பதற்குள் முதல் சில வருடங்கள் ஓடிவிடும், வருமானமும் மெலிந்துதான் இருக்கும். நல்ல மனசுள்ள பலர் அங்கேயே விலகிவிடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம். தாக்குப்பிடித்தால், பழைய வாடிக்கையாளர்களே புதியவர்களை அழைத்து வருவார்கள். நிதித் திட்டமிடலுக்கான சிஎஃப்பி (Certified Financial Planner) சான்றிதழும் கைகொடுக்கும். அப்புறம், சேரும் முன்பே விற்பனை இலக்கு உண்டா என்று கேட்டுவிடுங்கள் தம்பி.